ஜப்பானிய மொழி தெரியாமல் ஜப்பானில் சிரிக்கப் போவது

ஜப்பானுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் கோயில், கோட்டை, புல்லட் ரயில் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஊர்க்காரர்கள் சாயங்காலமானால் எங்கே போய் உட்கார்ந்து சிரிக்கிறார்கள் என்று தேடிப் போகிறவர்கள் மட்டும் குறைவு. ஏன் என்று கேட்டால், மொழி தெரியாதே, போய் என்ன செய்வது என்பார்கள். நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியும் வழி கேட்கிற அளவுக்குத்தான். வழி சொன்னால் புரியாது. இருந்தும் அந்தச் சிரிப்பு அரங்குகளுக்கு நான் போகத்தான் சொல்வேன், ஒரே ஒரு நிபந்தனையோடு. மேடையில் சொல்லப்போகிற கதையை முன்கூட்டியே படித்துக்கொண்டு போக வேண்டும்.

நகைச்சுவையைப் போய் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அங்கே கொஞ்சம் உட்கார்ந்து பார்த்ததில் புரிந்தது என்னவென்றால், பக்கத்தில் விழுந்து விழுந்து சிரிக்கிற பாட்டிக்கும் அந்தக் கதை தெரியும். நூறு தடவை கேட்டிருப்பார். அவர் முடிவு தெரிந்துகொள்ள வரவில்லை, இந்த ஆள் இதை இன்றைக்கு எப்படிச் சொல்கிறார் என்று பார்க்க வந்திருக்கிறார். அப்படியானால் கதையைப் படித்துவிட்டு வந்த வெளியூர்க்காரனுக்கும் அவருக்கும் இடைவெளி நாம் நினைக்கிற அளவுக்குப் பெரியதில்லை.

ராகுகோ என்கிற, உட்கார்ந்தபடி கதை சொல்லும் கலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கேட்கும்போது அதுதான் நமக்குக் கொஞ்சமும் ஒத்துவராத கலை மாதிரித் தெரியும். எடோ காலத்திலிருந்து (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) வருவது. மேடையில் ஒரு மெத்தைத் திண்டு, அதன்மேல் கிமோனோ போட்ட ஒருவர் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பார், கடைசி வரை எழுந்திருக்க மாட்டார். கையில் ஒரு விசிறி, ஒரு துண்டு, அவ்வளவுதான். திரைச்சீலை ஓவியம் கிடையாது, உடன் நடிக்க ஆள் கிடையாது, கதை போகும்போது பின்னணி இசையும் அநேகமாகக் கிடையாது. கதையில் வருகிற அத்தனை பேரையும் அவர் ஒருவரே பேசுகிறார். தலையை இந்தப் பக்கம் திருப்பினால் வீட்டுக்காரர், அந்தப் பக்கம் திருப்பினால் வாடகைக்கு இருப்பவர். முழுக்க முழுக்கப் பேச்சு. மொழி தெரியாதவன் இங்கே போய் என்ன செய்வான்?

டோக்கியோவில் வருஷம் முழுக்க ராகுகோ நடக்கிற அரங்குகள் உவெனோ, ஷின்ஜுகு, அசாகுசா, இகெபுகுரோ ஆகிய இடங்களில் இருக்கின்றன. இந்த மாதிரி அரங்குக்கு யோசே என்று பெயர். ஷின்ஜுகுவில் இருக்கிற சுவேஹிரோதேயைத்தான் நான் முதலில் சிபாரிசு செய்வேன். போருக்குப் பிறகு 1946-இல் கட்டிய மரக் கட்டடம். சுற்றிலும் பெரிய பெரிய கட்டடங்களும் மதுக்கடைகளும் இருக்க, நடுவில் இது மட்டும் விளக்கும் பெயர்ப்பலகையுமாகப் பழைய காலத்திலேயே நின்றுவிட்டது. உள்ளே நடுவில் நாற்காலிகள், இரண்டு பக்கமும் செருப்பைக் கழற்றிவிட்டுத் ததாமிப் பாயில் உட்காரலாம். இருக்கை எண் எல்லாம் கிடையாது, முதலில் வருகிறவருக்குப் பிடித்த இடம். மாதத்தைப் பத்துப் பத்து நாளாகப் பிரித்து, ஒவ்வொரு பத்து நாளுக்கும் நிகழ்ச்சிநிரலை மாற்றுகிறார்கள். பகல் ஆட்டம், இரவு ஆட்டம் என்று இரண்டு. ஒவ்வொன்றும் நாலு மணி நேரம் வரை போகும். ஆளுக்குக் கால் மணி நேரம்போல வந்து வந்து போவார்கள், கடைசியாக வருகிறவருக்கு மட்டும் அரை மணி நேரம்.

இப்போது ஒரு கதை. 'தோக்கி சோபா' என்று பெயர், ராகுகோவில் இதைவிடப் பிரபலமானது இருக்குமா தெரியாது. குளிர்கால இரவு, தெருவில் சோபா நூடுல்ஸ் விற்கிறார் ஒருவர். ஒரு கிண்ணம் 16 மோன் காசு. ஒருவன் வந்து சாப்பிடுகிறான். கடைப்பெயர் அருமை, குச்சி அருமை, குழம்பு அருமை என்று ஏகத்துக்கும் புகழ்கிறான். காசு கொடுக்கும்போது, சில்லறையாக இருக்கிறது, கையை நீட்டு என்று ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக்கொண்டே வந்து, எட்டு என்றதும் "இப்போது மணி என்ன?" என்கிறான். கடைக்காரர் "ஒன்பது" என்கிறார். இவன் "பத்து, பதினொன்று" என்று தொடர்ந்து பதினாறில் முடித்துவிட்டுப் போய்விடுகிறான். ஒரு காசு மிச்சம். இதைத் தூரத்திலிருந்து பார்த்த ஓர் அசடு, நாமும் செய்வோம் என்று மறுநாள் ராத்திரி கிளம்புகிறது. ஆர்வத்தில் கொஞ்சம் சீக்கிரமே போய்விடுகிறது. அந்தக் காலத்துக் கணக்கில் நள்ளிரவு ஒன்பது, அதற்கு முந்தின பொழுது நான்கு. இவனும் எட்டு வரை எண்ணிவிட்டு மணி கேட்கிறான், கடைக்காரர் "நான்கு" என்கிறார், இவன் "ஐந்து, ஆறு" என்று எண்ணிக்கொண்டே போகிறான். கணக்குப் போட்டுப் பாருங்கள், 20 காசு கொடுத்துவிட்டு வருகிறான்.

இதைப் படித்துக்கொண்டு போனால் மேடையில் என்ன நடக்கிறதென்று பாருங்கள். மூடிய விசிறிதான் குச்சி. இடது கையில் இல்லாத கிண்ணம். அவர் குனிந்து ஊதுகிறார், விசிறியால் எதையோ தூக்குகிறார், உறிஞ்சுகிறார். நீளமாக, சூடு தாங்காமல் நடுவில் ஒரு மூச்சு வாங்கி, மறுபடி உறிஞ்சி, முடிவில் குழம்பைக் குடித்துவிட்டு ஒரு பெருமூச்சு. அரங்கில் கைதட்டல். நகைச்சுவைக்கு அல்ல, உறிஞ்சின சத்தத்துக்கு. அப்புறம் இரண்டாவது ஆள் வருகிறான், இவனுக்கு வாய்த்த கடையில் எல்லாமே மட்டம். விசிறி அதே விசிறிதான், ஆனால் இப்போது வருகிற சத்தம் வேறு. இழுபடாது, வாயில் மசமசவென்று நிற்கும், மென்று மென்று விழுங்க வேண்டியிருக்கும். முகம் புகழ வேண்டும் என்று முயற்சி செய்கிறது, தொண்டை ஒத்துழைக்கவில்லை. நூடுல்ஸ் ஊறிப்போய்விட்டது என்று எனக்கு ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைசியில் காசு எண்ணும்போது எனக்கு ஜப்பானிய எண்கள் ஒன்றிலிருந்து பத்து வரை தெரிந்திருந்தது, அது போதும். எட்டு என்று அவர் சொன்னதுமே அரங்கம் முழுக்கக் காத்திருக்கிறது, நானும் காத்திருந்தேன்.

யோசேயில் ஒரு சங்கடம் உண்டு. யார் வருவார்கள் என்று போட்டிருப்பார்கள், என்ன கதை சொல்வார்கள் என்று போட மாட்டார்கள். ஏனென்றால் அது அவர்களுக்கே மேடைக்கு வரும்வரை முடிவாகியிருக்காது. உள்ளே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும், அன்றைக்கு முன்னால் போனவர்கள் சொன்ன கதைகள் அதில் எழுதியிருக்கும். அதே கதையையோ அதே சாயலில் ஒன்றையோ அடுத்தவர் தொடக்கூடாது. மேடைக்கு வந்ததும் முதலில் பொதுவாக எதையாவது பேசுவார், வானிலை, ரயிலில் பார்த்தது, மனைவி சொன்னது. அந்தப் பேச்சுக்கு எங்கே சிரிப்பு வருகிறது என்று பார்த்துத்தான் கதையை எடுப்பார். ஆகவே ஒரு கதையைப் படித்துவிட்டுப் போவது ஆகாது, ஏழெட்டுப் படித்துக்கொள்ளுங்கள். பருவமும் கைகொடுக்கும், குளிர்காலத்தில் சோபா, கோடையில் பேய்க்கதை. 'மான்ஜு கொவாய்' கட்டாயம்: எனக்கு மான்ஜு இனிப்பு என்றாலே பயம் என்கிறான் ஒருவன், நண்பர்கள் அவனைப் பயமுறுத்த மான்ஜுவாக வாங்கி அறைக்குள் எறிகிறார்கள், அவன் உட்கார்ந்து எல்லாவற்றையும் தின்கிறான், உனக்கு உண்மையில் எதுதான்டா பயம் என்று கேட்டால் இப்போதைக்கு ஒரு கோப்பைச் சூடான தேநீர் என்கிறான். அப்புறம் 'ஜுகெமு'. பிள்ளை நீண்ட நாள் வாழ வேண்டும் என்று கிடைத்த மங்களச் சொல்லையெல்லாம் கோத்து ஒரே பெயராக வைத்துவிடுகிறார்கள். அவன் ஒருத்தன் மண்டையை வீங்க வைத்துவிட, அடிபட்டவன் புகார் சொல்ல வந்து, அந்தப் பெயரை ஆள் மாற்றி ஆள் சொல்லி முடிப்பதற்குள் வீக்கமே வடிந்துவிடுகிறது. இதற்கு மொழியே வேண்டாம், அந்தப் பெயர் வேகமெடுப்பதைக் கேட்டாலே சிரிப்பு வந்துவிடும்.

கதைகளுக்கு நடுவே வேறு ஆட்களும் வருவார்கள், மொழி தெரியாதவனுக்கு இவர்கள் வரம். குடையின்மேல் பந்து உருட்டுகிறவர், மந்திரவாதி, அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த காகிதம் வெட்டுகிறவர். பார்வையாளர்கள் எதையாவது கத்துவார்கள், அவர் உடம்பை ஆட்டிக்கொண்டே, பேசிக்கொண்டே, கத்தரிக்கோலைப் பெரிதாக அசைக்காமல் காகிதத்தை அதற்குள் திருப்பித் திருப்பி வெட்டி, ஒரே துண்டில் கிமோனோ, குடை, மழை என்று எடுத்துக் காட்டுவார். கேட்டவருக்கே கொடுத்துவிடுவார். ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள் ஒரு பையன் வந்து திண்டைத் திருப்பிப் போட்டு, ஓரத்தில் தொங்குகிற பெயர்த்தாளைப் புரட்டிவிட்டுப் போவான். அவன் வேலைக்காரன் அல்ல, ஸென்ஸா எனப்படும் சீடன். திண்டில் தையல் இல்லாத பக்கம்தான் பார்வையாளர்களைப் பார்த்து இருக்க வேண்டும், அதுவும் அவன் படிக்கிற பாடம். மூன்று நாலு வருஷம் இப்படித் திண்டு திருப்பி, தேநீர் போட்டு, அதற்கடுத்த படியில் இன்னும் பத்து வருஷம்போல இருந்து, அதன் பிறகுதான் கடைசியாக மேடையேறும் தகுதியுள்ள ஷின்உச்சி ஆக முடியும். இது தெரிந்த பிறகு அந்தப் பையன் பெயர்த்தாளைப் புரட்டுவதையே கவனித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

வெளிநாட்டுக்காரன் இதையெல்லாம் பார்ப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், மேடையேறியே இருக்கிறார்கள். ஹென்றி ஜேம்ஸ் பிளாக் என்று ஒருவர், 1858-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்தவர், அப்பா யோகஹாமாவில் பத்திரிகை நடத்தினார். பையன் அங்கேயே வளர்ந்து, கைராகுதே பிளாக் என்ற பெயரில் ராகுகோ கலைஞரானார். ஐரோப்பியத் துப்பறியும் கதைகளையெல்லாம் ஜப்பானிய மொழியில் சொல்லிக் கூட்டம் சேர்த்தவர். 1903-இல் ஜப்பானில் நடந்த ஆரம்பகால கிராமபோன் பதிவுகளுக்கும் அவர்தான் ஆட்களைச் சேர்த்துக் கொடுத்தார், தன் குரலையும் பதிவு செய்தார். 1923-இல் டோக்கியோவில் காலமானார். எனக்கு அந்த ஆள்மேல் ஒரு தனிப் பொறாமை.

ஒசாகாவுக்குப் போனால் கதை மாறுகிறது. சிரிப்புக்குப் பேர்போன ஊர். அங்கே முதலில் கண்ணில் படுவது மான்சாய்: ஒரு மைக், இரண்டு பேர். ஒருவர் அசட்டுத்தனமாக ஏதாவது சொல்வார், மற்றவர் உடனே திருத்துவார், திட்டுவார், தலையில் ஒன்று வைப்பார். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். இதில் நான் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், மொழி தெரியாமல் மான்சாய் பார்ப்பது வீண். படித்துக்கொண்டு போக இதில் பழைய கதை இல்லை, பெரும்பாலும் அவர்களே எழுதின புதுச் சரக்கு, அதுவும் ஒசாகாப் பேச்சுவழக்கில். முதல் பத்து நிமிஷம் தாளமே ரசனையாக இருக்கும், அப்புறம் மூச்சு முட்டும். சுற்றியிருப்பவர்கள் எல்லாம் சிரிக்கும்போது நாம் மட்டும் உர்ரென்று இருப்பது ஒரு கஷ்டம், புரியாமல் கூடச் சேர்ந்து சிரிப்பது அதைவிடக் கஷ்டம்.

ஆனால் அதே டிக்கெட்டில் அடுத்து வருவதற்காகப் பொறுத்துக்கொள்ளலாம். 1912-இல் ஒசாகாவில் ஒரு தம்பதி தொடங்கிய யோஷிமோத்தோ நிறுவனம்தான் இன்றைக்கு ஜப்பானிய நகைச்சுவை உலகின் பெரிய முதலாளி. அதே ஊரின் நம்பா பகுதியில் அவர்களுடைய நம்பா கிராண்ட் ககெட்சு அரங்கம் இருக்கிறது. அங்கே மான்சாய்க்காரர்கள் பேசி முடித்ததும் ஷின்கிகெகி என்ற நாடகம் வரும், 1959-லிருந்து நடக்கிற வகை. சாப்பாட்டுக்கடை அல்லது விடுதியின் முன்பக்கம், அதுதான் செட். கடன் வசூலிக்க ரவுடிகள் வருவார்கள், கடைக்காரர் மகளுக்கு ஒரு காதல் இருக்கும், கடைசியில் எல்லாம் சரியாகிவிடும். கதையைப் படிக்கவே வேண்டாம், செட்டைப் பார்த்தாலே தெரியும். யாராவது ஒருவர் மடத்தனமாக ஏதாவது சொன்னால் மேடையில் இருக்கிற பத்துப் பேரும் ஒரே நொடியில் பொத்தென்று விழுவார்கள். ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு சேஷ்டை உண்டு, வருஷக்கணக்காக அதையேதான் செய்கிறார். என்ன விசேஷம் என்றால் அவர் உள்ளே வந்தவுடனேயே, செய்வதற்கு முன்பே, அரங்கம் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறது. ராகுகோ அரங்கில் பாட்டி செய்ததைத்தான் இங்கே நூற்றுக்கணக்கான பேர் செய்கிறார்கள். பாதி நாடகம் போவதற்குள் எந்த ஆளுக்கு எந்தச் சேஷ்டை என்று நமக்கும் பிடிபட்டுவிடும், அதற்கு மேல் நாமும் உள்ளூர்தான்.

பாட்டு நாடகம் வேண்டும் என்கிறவர்கள் ஒசாகாவின் உமேதாவிலிருந்து ஹான்க்யூ ரயில் பிடித்துத் தகராசுகா போக வேண்டும். ரயிலும் நாடகமும் ஒரே ஆளுடைய யோசனை. ஹான்க்யூ ரயிலை உருவாக்கிய கொபாயாஷி இச்சிஸோ, தடத்தின் கடைசியில் இருந்த வெந்நீர் ஊற்று ஊருக்குக் கூட்டம் வரவேண்டும் என்று 1913-இல் பெண் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பாட்டுக் குழு அமைத்தார். அங்கே ஓடாமல் கிடந்த உள்ளரங்க நீச்சல்குளத்தை மேடையாக்கி 1914-இல் முதல் நிகழ்ச்சி. இன்றைக்கு அது பூ, நிலா, பனி, நட்சத்திரம், அண்டம் என்று ஐந்து பிரிவுகளும், சுமார் 2,500 பேர் உட்காருகிற அரங்கமும், டோக்கியோவில் இன்னோர் அரங்கமுமாக நிற்கிறது. நடிப்பவர்கள் எல்லோரும் பெண்கள். ஆண் வேஷமும் அவர்களேதான், சும்மா மீசை ஒட்டிக்கொண்டு அல்ல. நடை, குரல், தொப்பியைத் தொடுகிற விதம் என்று வருஷக்கணக்கில் பயின்று செய்கிறார்கள். ஆண் வேஷக்காரர்தான் எப்போதும் குழுவின் முதல் நட்சத்திரம்.

இந்த ஒரு விதி நாடகத்தையே மாற்றி எழுத வைக்கும். 1992-இல் வியன்னாவில் அரங்கேறிய 'எலிசபெத்' நாடகத்தில் ஆஸ்திரியப் பேரரசிதான் மையம், அவளைத் துரத்துகிற மரணம் ஒரு பாத்திரம். 1996-இல் தகராசுகா அதை எடுத்தபோது மரணம் நாயகன் ஆகிவிட்டான். முதல் நட்சத்திரத்துக்கு ஏற்ற ஆண் வேஷம் அதுதானே. வியன்னாக் கதையைத் தெரிந்துகொண்டு இதைப் பார்த்தால் எங்கெங்கே முறுக்கியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே ஒரு தனி நாடகம். பொதுவாகவே தகராசுகா எடுப்பது ஐரோப்பிய வரலாறு, பழைய நாவல், பிரபல சித்திரக்கதை என்று எங்கேயோ படிக்கக் கிடைக்கிற கதைகளாக இருக்கும், எனவே வீட்டுப்பாடம் சுலபம். வசனம் நீளமாகப் போகும்போது கொஞ்சம் அலுக்கும்தான், அதை மறைப்பானேன்.

இடைவேளைக்குப் பிறகு பெரும்பாலும் நாடகமே கிடையாது, ஆட்டமும் பாட்டும்தான். அதன் முடிவில் மேடையை அடைத்துக்கொண்டு 26 படிகள் உள்ள ஒரு படிக்கட்டு வருகிறது. ஒவ்வொருவராகப் பாடிக்கொண்டு இறங்குவார்கள். குனிந்து படியைப் பார்ப்பது கிடையாது. உயரக் குதிகால் செருப்பு, முதுகில் பிரமாண்டமான இறகுகள், முகம் நேராக நம்மைப் பார்த்தபடி. மூத்தவர் ஆக ஆகப் பின்னால் வருவார், இறகும் பெரிதாகும். முதல் நட்சத்திரம் எல்லோருக்கும் கடைசியில், இறகு மூட்டையோடு. குழுவில் யார் யாருக்கு மேல் என்ற அதிகார வரிசை முழுவதும் அந்தப் படிக்கட்டில் தெரிந்துவிடும், ஒரு சொல் புரிய வேண்டாம். கைதட்டலைக் கவனியுங்கள், 2,500 பேரும் ஒரே தாளத்தில் தட்டுவார்கள். இருக்கையில் முன்னால் சாயக்கூடாது, பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். இதில் அவர்கள் படு கறார்.

இனி வசன அட்டை விஷயம், அதாவது மேடையில் பேசுவதை எழுத்தில் காட்டுகிற வரிகள். டோக்கியோவின் கபுகிஸாவில் மொழிபெயர்ப்புக் கருவி வாடகைக்குக் கிடைக்கும்; நீண்ட கபுகி நாடகத்துக்கு அது தேவைதான். முழு நாளும் உட்கார முடியாதவர்களுக்கு அங்கே ஓர் அங்கத்துக்கு மட்டும் டிக்கெட் உண்டு, நாலாவது மாடியில். ஒசாகாவில் பன்ராகு பொம்மலாட்டத்துக்கு மேடைக்கு மேலே வரிகள் ஓடும், ஆனால் அவை ஜப்பானிய மொழியிலேயே. பாடப்படுகிற பழைய மொழி உள்ளூர்க்காரர்களுக்கே சட்டென்று பிடிபடாது என்பதால். அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதல் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் சிரிக்க வைக்கிற எதற்கும் வசன அட்டை ஆகாது என்பதுதான் என் கட்சி. எழுத்தில் நகைச்சுவை முதலில் வந்துவிடும், நடிகர் இன்னும் வாயைத் திறந்திருக்க மாட்டார். அரங்கம் சிரிப்பதற்கு ஒரு நொடி முன்னால் நாம் சிரித்துத் தொலைப்போம், அவர்கள் சிரிக்கும்போது அடுத்த வரியைப் படித்துக்கொண்டிருப்போம். அவர் அந்த ஒரு நொடியைப் பிடித்து நிறுத்தத்தான் பதினைந்து வருஷம் படித்திருக்கிறார்.

ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது, எதற்குப் போகட்டும் என்று கேட்டால், குளிர்காலம் என்றால் யோசேக்குப் போங்கள், 'தோக்கி சோபா' கிடைக்க வாய்ப்பு அதிகம். குழந்தைகள் கூட இருந்தால் ஷின்கிகெகி. அவர்கள் உங்களுக்கு முன்னால் சிரித்துவிடுவார்கள். தகராசுகாவுக்கு டிக்கெட் சட்டென்று கிடைக்காது, ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே பாருங்கள், வார நாள் பகல் ஆட்டத்தில் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. அப்புறம் யோசேயில் முதல் வரிசையில் மட்டும் உட்காராதீர்கள். சின்ன அரங்கம், விளக்கும் முழுதாக அணையாது, வெளிநாட்டு முகம் பளிச்சென்று தெரியும். கதைக்கு முந்தின அரட்டையில் ஒருவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், அரங்கமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. என்ன சொன்னார் என்று பக்கத்துப் பாட்டியிடம் சைகையில் கேட்டேன். அவர் பதிலுக்கு இன்னும் கொஞ்சம் சிரித்தார்.